சுவரோவியத்துக்கு நகராட்சி நிதி கேட்கும் முன்

கனவை நாலு பக்கம் எழுதிவிட்டு பட்ஜெட்டை நாலு வரியில் முடித்துவிடுகிறார்கள். விண்ணப்பம் அடிபடுவது பெரும்பாலும் அங்கேதான். ‘பெயிண்ட் செலவு’ என்று ஒற்றை வரி போதாது. சுவரைச் சுரண்டிக் கழுவுவது, பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), வெளிச்சுவர் அக்ரிலிக் பெயிண்ட், சாரம் வாடகை, மேற்பூச்சு, ஓவியர் கூலி எல்லாம் தனித்தனியாக வரணும். 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் என்றால் 30 சதுர மீட்டர். இரண்டு கோட்டுக்கு 60 சதுர மீட்டருக்கான பெயிண்ட். ஈரம் கசியும் சுவரில் எந்தப் பெயிண்டும் நிற்காது, உப்புப் பூத்து உரிந்துவிடும். முதலில் கசிவை அடைத்துவிடுங்கள், அந்தச் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தத்தை இறக்குவதற்காகக் கலைஞர் கூலியில் மட்டும் கைவைக்காதீர்கள், அது அநியாயம்.

நிதி விதிமுறையில் தேட வேண்டிய வரி: பணம் முன்கூட்டியே வருமா, ரசீது கொடுத்த பிறகா? பிறகு என்றால் கைமுதல் இல்லாமல் வேலை பாதியில் நின்றுவிடும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வாங்கிய பொருளுக்குப் பெரும்பாலும் காசு கிடைக்காது.

தன்னார்வலர் உழைப்பைத் திட்டச் செலவில் உங்கள் பங்காகக் காட்ட அனுமதி இருந்தால், தேதி, மணிக்கணக்கு, கையெழுத்தோடு ஒரு நோட்டு போடுங்கள்.

சுவர் உரிமையாளரிடம் வாய்ச்சொல் போதாது. எத்தனை வருஷம் அழிக்காமல் வைப்பார், பழுது யார் பார்ப்பது என்று எழுதி வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள்.