முற்பகல் பணியேற்றவர்

எங்கள் பல்கலைக்கழகத்தில் புதிதாக வேலைக்குச் சேருபவர் எழுதிக் கொடுக்கும் பணியேற்பு அறிக்கையில் ‘இன்று முற்பகல் பணியில் சேர்ந்தேன்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ‘முற்பகல்’ முக்கியம். முற்பகலில் சேர்ந்தால் அன்றிலிருந்து சம்பளம். பிற்பகல் ஆகிவிட்டால் மறுநாளிலிருந்துதான். அதனால் வெளியூர்க்காரர்கள் முந்தின இரவே வந்து லாட்ஜில் தங்கி, காலையில் பதிவாளர் அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நிற்பார்கள். கையெழுத்துகள் முடிந்து, தங்கள் பிரிவுக்குப் போய் நாற்காலியில் உட்காரும்போது பன்னிரண்டு மணி நெருங்கியிருக்கும். அப்புறம்தான் எங்கள் நினைவு வரும்.

நான் கணினி மையத்தில் 17 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சர்வர், நெட்வொர்க், தேர்வு முடிவு வெளியிடும் நாளின் பதற்றம் என்று எத்தனையோ இருக்கின்றன. ஆனால் எனக்கு மனதுக்கு நெருக்கமான வேலை இதுதான்: புதிதாக வந்தவருக்கு யூசர் ஐடி உருவாக்கி, மேஜையில் கம்ப்யூட்டரை வைத்து, லேன் கேபிளைச் செருகி, “ஒரு தடவை லாகின் பண்ணிப் பாருங்க” என்று சொல்வது. பார்க்க அரை மணி நேர வேலை. அதைச் சரியாகச் செய்ய எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. தேர்வுப் பிரிவில் சேர்ந்த ஓர் அம்மாவால்தான் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும்.

அவர் கருணை அடிப்படையில் வேலை பெற்று வந்தவர். கணவர் எங்கள் பல்கலைக்கழகத்திலேயே உதவியாளராக இருந்து, பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். அவருக்கும் எனக்கும் பழக்கம் உண்டு. மனைவிக்கு அப்போது வயது நாற்பதுக்கு மேல். அதுவரை மவுஸைத் தொட்டதில்லை. சேர்ந்த அன்று அவருக்கு நாற்காலி கிடைத்தது. ஐடி கிடைக்கவில்லை.

காரணம் எங்கள் விதி. பணியாளர் எண் இல்லாமல் யூசர் ஐடி உருவாக்கக் கூடாது. பணிப்பதிவேடு தொடங்கி, சம்பளப் பட்டியலில் பெயர் ஏறிய பிறகுதான் அந்த எண் வரும். நியமன ஆணையின் நகல் தபாலில் ஒவ்வொரு பிரிவாக நின்று நின்று எங்களிடம் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. அவர் விஷயத்தில் 11 வேலை நாள் ஆயிற்று.

அந்த 11 நாளும் அவரைச் சும்மா உட்கார வைக்க முடியுமா? மதிப்பெண் பதிவு நடந்துகொண்டிருந்த நேரம். பக்கத்து மேஜை ஊழியர் நல்ல மனதோடு தன் பாஸ்வேர்டை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் விடுப்பில் போனார். அந்த இரண்டு நாளில் ஒரு விடைத்தாளின் மதிப்பெண் தவறாக ஏறிவிட்டது. மாணவர் மறுகூட்டலுக்கு விண்ணப்பித்தபோது தவறு தெரிந்தது. யார் எப்போது என்ன செய்தார் என்று கணினி தானாக எழுதி வைக்கும் பதிவான லாகைப் பார்த்தால் விடுப்பில் இருந்தவரின் பெயர். அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ போயிற்று. அந்த அம்மா தானே எழுந்து போய், “நான்தான் சார் போட்டேன்” என்று கண்காணிப்பாளரிடம் சொன்னார். சேர்ந்து ஒரு மாதம்கூட முடியாத நேரம். அவருக்கும் ஒரு மெமோ வந்தது.

எங்களுக்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும். பாஸ்வேர்டைப் பகிரக் கூடாது என்று ஆண்டுதோறும் சுற்றறிக்கை அனுப்புகிறோம். வேலையைக் கொடுத்துவிட்டு, அதைச் செய்வதற்கான ஐடியைக் கொடுக்காமல் இருந்தால் அந்த மனிதர் வேறு என்ன செய்வார்? இரவல் ஐடிதான். இதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். விதி மீறியவரின் மேல் பழி விழும், மீற வைத்த தாமதம் பதிவேட்டில் எங்குமே இருக்காது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் லாகை 180 நாள் பாதுகாக்கச் சொல்கிறது. பாதுகாக்கலாம். ஆனால் அதில் இருக்கும் பெயர் வேலை செய்தவருடைய பெயராக இல்லாவிட்டால், 180 நாள் வைத்தும் பயனில்லை.

ஒருவழியாக நான் அவருக்கு ஐடி உருவாக்கப் போனது ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். படிவத்தில் பெயரை நிரப்பச் சொன்னேன். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல். நியமன ஆணையில் கணவரின் இனிஷியல். எதைப் போடுவது என்று கேட்டார். ஆணைப்படி போடுவதுதான் முறை என்றேன். கொஞ்சம் தயங்கி, “என் பேரு மட்டும் வர்ற மாதிரி வைக்க முடியுமா சார்?” என்றார்.

கணினிகளோடு நம் பெயர்கள் படும் பாடு பெரிய கதை. கூகுளின் நிர்வாகப் பக்கத்தில் ஒரு பயனாளரைச் சேர்க்க ‘ஃபர்ஸ்ட் நேம்’, ‘லாஸ்ட் நேம்’ இரண்டும் கட்டாயம். குடும்பப் பெயர் இல்லாத நம்மவர்களுக்கு அந்த இரண்டாவது கட்டத்தில் என்ன போடுவது? ஒருவர் இனிஷியலைப் போடுவார், ஒருவர் அப்பா பெயரை விரித்துப் போடுவார், இன்னொருவர் வெறும் புள்ளி வைப்பார். விரித்துப் போட்டவருக்கு வெளிநாட்டுப் பேராசிரியரிடமிருந்து வரும் கடிதம் அவருடைய அப்பாவை விளித்துத் தொடங்கும். அலுவலகப் பயனாளர்களின் ஐடிகளை வைத்திருக்கும் மைக்ரோசாப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் பழைய பாணி லாகின் பெயருக்கு 20 எழுத்துதான் இடம். மீனாட்சிசுந்தரேஸ்வரன் என்று பெயர் இருந்தால் ஆங்கிலத்தில் எழுத 22 எழுத்து வேண்டும். அவர் பெயரின் வாலை வெட்டித்தான் ஆக வேண்டும். எங்கே வெட்டுவது என்பதையாவது அவரைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்பது இப்போது என் பழக்கம்.

பெண்களுக்கு இதில் இன்னொரு சுமை. திருமணத்துக்குப் பிறகு சிலர் இனிஷியலை மாற்றிக்கொள்கிறார்கள். மெயில் ஐடிக்குள் இனிஷியல் இருந்தால் அதுவும் மாற வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் அச்சான முகவரி பழையதாகவே நிற்கும்.

அந்த அம்மாவுக்கு அவர் பெயரை மட்டும் வைத்து ஐடி கொடுத்தேன். நல்லவேளை, அந்தப் பெயர் காலியாக இருந்தது. திரையில் தெரியும் பெயர் ஆணையில் உள்ளபடி, ஐடி அவர் கேட்டபடி. அதில் எந்தச் சிக்கலும் இல்லை என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. இப்போது எல்லோருக்கும் அப்படியே செய்கிறோம், ஒரே பெயரில் இருவர் வந்தால் மட்டும் இனிஷியல். ஓய்வு பெற்றவரின் ஐடியை இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. முன்பு ஒருமுறை கொடுத்து, புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியருக்கு, பழையவரின் மாணவர்கள் எழுதிய சொந்தக் கடிதங்கள் வந்தபடி இருந்தன. அவர் அவற்றைப் படிக்காமல் அனுப்பி வைத்தது அவருடைய பண்பு.

அடுத்து இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு. கைபேசி எண் கேட்டேன். ஓர் எண் சொன்னார். ஓடிபி அனுப்பினேன். அவர் கையில் இருந்த போனில் வரவில்லை. பையைத் திறந்து, உள்ளே துணியில் சுற்றி வைத்திருந்த இன்னொரு போனை எடுத்தார். அதில் வந்திருந்தது. கணவரின் எண். வங்கி, ஆதார், கேஸ் எல்லாம் அதில்தான் என்றார். அதை அவர் விடாமல் ரீசார்ஜ் செய்துவந்திருக்கிறார்.

என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டிய விஷயம் அது. ரீசார்ஜ் நின்றுபோனால் நிறுவனம் அந்த எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடும், பிறகு ஓடிபி அவருக்குத்தான் போகும். மெதுவாக விளக்கினேன். அலுவலக ஐடிக்கு அவருடைய சொந்த எண்ணைச் சேர்த்தோம். அவசரத்துக்கு கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்துக் கொடுத்தேன். அந்தத் தாளை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். கணவரின் எண்ணைப் பற்றி நான் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

பாஸ்வேர்டை அப்போதெல்லாம் 45 நாளுக்கு ஒருமுறை கட்டாயமாக மாற்ற வைத்திருந்தோம். அவர் கீபோர்டுக்கு அடியில் எழுதி ஒட்டத் தொடங்கினார். அந்தப் பிரிவில் ஒவ்வொரு கீபோர்டாகத் திருப்பிப் பார்த்தேன், பாதிக்கு மேல் அப்படித்தான். அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலே, காரணமில்லாமல் நாள் கணக்கு வைத்துப் பாஸ்வேர்டை மாற்ற வைக்காதீர்கள் என்றது. அதை அச்செடுத்துக் கோப்பில் வைத்து, அந்த 45 நாள் விதியை எடுக்க வைத்தேன். நீளமாக, நினைவில் நிற்கும் ஒரு தமிழ் வாக்கியத்தை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று இப்போது சொல்லித் தருகிறோம்.

கம்ப்யூட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலுவலகங்களில் ஒரு வழக்கம் உண்டு. புது மெஷின் வந்தால் மூத்தவர் எடுத்துக்கொள்வார், அவருடையது அடுத்தவருக்கு, இப்படியே இறங்கி, புதிதாகச் சேர்ந்தவர் மேஜைக்குக் கழித்துப்போட வேண்டிய ஒன்று வந்து சேரும். யூபிஎஸ் பேட்டரி ஊதியிருக்கும், மானிட்டரில் கோடு விழுந்திருக்கும். ஆனால் இருப்புப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் அவர் பேரில். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபோது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத மெஷின்களை விண்டோஸ் 11-க்கு மாற்ற முடியவில்லை. அந்த மெஷின்களில் நிறைய, கடைசியாகச் சேர்ந்தவர்களிடம்தான் இருந்தன. கொடுக்க வேண்டியது பழையதுதான் என்றாலும், உள்ளே தூசி தட்டி, எஸ்எஸ்டி மாற்றி, ரேம் கூட்டி, கீபோர்டையும் மவுஸையும் மட்டுமாவது புதிதாக வைக்கலாம். பலர் விரல் பட்டு எழுத்து அழிந்த கீபோர்டைப் புதியவர் முன் வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

கீபோர்டு என்றதும் தமிழ் தட்டச்சு. இதைக் கேட்காமல் மெஷினை ஒப்படைத்தால் மறுநாளே போன் வரும். தட்டச்சுத் தேர்வு எழுதி வந்தவர்களின் விரல் பழைய தட்டச்சு இயந்திர முறைக்குப் பழகியிருக்கும். இளையவர்கள் ஒலியியல் முறையில் அடிப்பார்கள். அரசு 1999-ல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை முறையை ஒழுங்காகக் கற்றவர்களும் சிலர் உண்டு. மூன்றையும் என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் வைத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்று ஆணையிட்டது 2010-ல். இன்றும் பிரிவுகளில் கிடக்கும் பழைய கோப்புகள் யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துருவைச் சேர்க்காமல் கொடுத்தால், புதியவர் முந்தைய கடிதத்தைத் திறந்தவுடன் புரியாத குறிகளைப் பார்த்து, ஏதோ கெடுத்துவிட்டோம் என்று பயந்துபோவார். முதல் வாரத்தில் யாரையும் அப்படிப் பயப்பட விடக் கூடாது.

மெமோ விவகாரத்துக்குப் பிறகு விதியை மாற்றக் கோப்பு எழுதினேன். நியமன ஆணை எண்ணை வைத்தே ஐடி உருவாக்கலாம், பணியாளர் எண்ணைப் பிறகு சேர்க்கலாம் என்பது அதன் சாரம். மூன்று முறை திரும்பி வந்து, நான்காம் முறை கையெழுத்தாயிற்று. இப்போது ஆணை கையெழுத்தான அன்றே நகல் எங்களுக்கு மெயிலில் வருகிறது. ‘முன்னால் இருந்தவருக்கு இருந்த உரிமைகளை அப்படியே கொடுங்கள்’ என்ற ஒற்றை வரிக் கடிதத்தையும் ஏற்பதில்லை. முன்னவர் இருபது ஆண்டில் நான்கு பிரிவில் சேர்த்துவைத்த உரிமைகளைப் புதியவர் தலையில் ஏற்றுவது அவருக்குத்தான் ஆபத்து.

இன்னும் முடியாத ஒன்று இருக்கிறது. தொகுப்பூதியத்தில் வருபவர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு நாள் பணி முறிவு கொடுத்து மறுபடி எடுப்பார்கள். அந்த ஒரு நாளில் அவர்கள் ஐடி தானாக முடங்கும். மறுநாள் அதே மேஜைக்கு வந்து, திறக்காத மெயிலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரு நாடு ஒரு சந்தா’ திட்டத்தில் ஆயிரக்கணக்கான ஆய்விதழ்கள் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைக்கின்றன. வீட்டிலிருந்து அவற்றைப் படிக்கவும் எங்கள் ஐடிதான் வேண்டும். பாடம் நடத்துவதில் பாதிப் பேர் அவர்கள் என்கிற துறையில், அந்த ஒரு நாள் முடக்கத்துக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. 30 நாள் அவகாசம் கேட்டு எழுதிய கோப்பு பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. வாரம் ஒருமுறை போய்க் கேட்கிறேன்.

தேர்வுப் பிரிவு அம்மா இப்போது புதிதாக வருபவர்களை அவரே கூட்டிக்கொண்டு வருகிறார். “சார், இவங்க இன்னைக்கு முற்பகல் சேர்ந்திருக்காங்க” என்பார். உறையில் ஐடியும் தற்காலிக பாஸ்வேர்டும் தயாராக இருக்கும். முதல் லாகினில் மாற்றச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிடுவார்.

வரும் திங்கட்கிழமை நூலகத்தில் இருவர் சேருகிறார்கள். இரண்டு மெஷினும் நேற்றே மேஜைக்குப் போய்விட்டன, லேன் பாயிண்டும் வேலை செய்கிறது. ஒருவர் உறை தயார். இன்னொருவருக்கு ஆணையில் இரண்டு இனிஷியல், சான்றிதழில் ஒன்று. இன்று மாலை அவருக்குப் போன் செய்து, பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்க வேண்டும்.