1 சரிவராவிட்டால்?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். காரணித் தேற்றம் (எக்ஸுக்கு ஓர் எண்ணைப் போட்டுப் பூச்சியம் வந்தால், எக்ஸிலிருந்து அந்த எண்ணைக் கழித்தது ஒரு காரணி) வந்துவிட்டால் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். முதலில் கெழுக்களை, அதாவது எக்ஸின் அடுக்குகளுக்கு முன்னால் நிற்கும் எண்களை, மாறிலியோடு (எக்ஸ் இல்லாத எண்) சேர்த்துக் கூட்டுவது. பூச்சியம் வந்தால் (எக்ஸ் − 1) காரணி. இல்லையா, ஒற்றைப்படை அடுக்குகளின் கெழுக்களைத் தனியாகவும், மாறிலியோடு சேர்த்து மற்றவற்றைத் தனியாகவும் கூட்டுவது; இரண்டும் சமமானால் (எக்ஸ் + 1). அதுவும் இல்லையென்றால் பேனா கீழே போய்விடும்.

எக்ஸ்³ − 3எக்ஸ்² − 10எக்ஸ் + 24. கெழுக்களின் கூடுதல் 12. பிரித்துக் கூட்டினால் −9, 21. "ரெண்டுமே வரலை மிஸ், கணக்கு தப்பா?"

கணக்கு சரிதான். கெழுக்களைக் கூட்டுவதைத் தனி வித்தை என்று நினைப்பதால் வருகிற குழப்பம் இது. எக்ஸுக்கு 1 போட்டால் எந்த அடுக்கும் 1தான்; மிஞ்சுவது கெழுக்கள் மட்டும். அதாவது அங்கே நடப்பதே காரணித் தேற்றம். 1 சரிவராவிட்டால் வேறு எண்ணைப் போட வேண்டியதுதான்.

எந்த எண்ணை? பாடத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. அ என்ற முழு எண்ணைப் போட்டால் பூச்சியம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 24-ஐ வலப்பக்கம் தள்ளினால், இடப்பக்கம் இருக்கிற மூன்று உறுப்பிலும் அ உண்டு. பொதுவாக வெளியே எடுத்தால்:

அ × (அ² − 3அ − 10) = −24

அடைப்புக்குள் இருப்பதும் முழு எண்தான். அப்படியானால் அ, 24-ஐ மீதியில்லாமல் வகுத்தே ஆக வேண்டும். 5, 7 பக்கம் போகவே வேண்டாம். இதைப் பிள்ளைகள் தாங்களே எழுதிப் பார்த்துவிட்டால், மாறிலியின் காரணிகளை மட்டும் ஏன் போடுகிறோம் என்று அப்புறம் யாரும் கேட்பதில்லை.

2 போட்டால் 8 − 12 − 20 + 24 = 0. (எக்ஸ் − 2)-ஆல் தொகுமுறை வகுத்தல் (கெழுக்களை மட்டும் எழுதி வகுப்பது) செய்தால் 1, −1, −12, மீதி 0; அதாவது எக்ஸ்² − எக்ஸ் − 12. பெருக்கினால் −12, கூட்டினால் −1 வருகிற எண்கள் −4, 3. ஆக, (எக்ஸ் − 2)(எக்ஸ் − 4)(எக்ஸ் + 3).

ஒரு காரணி கிடைத்ததும் வகுத்துவிடுங்கள். மேலும் மேலும் எண்களைப் போட்டுக்கொண்டே போனால் 2எக்ஸ்³ − 3எக்ஸ்² − 3எக்ஸ் + 2 மாதிரி ஒன்றில் மாட்டிக்கொள்வீர்கள். −1 கிடைக்கும், 2 கிடைக்கும், மூன்றாவதைக் காணோம். அது 1/2, முழு எண்களில் எவ்வளவு தேடினாலும் அகப்படாது. −1 கிடைத்தவுடனே வகுத்திருந்தால் 2எக்ஸ்² − 5எக்ஸ் + 2 வந்திருக்கும். அதைப் பிரித்தால் (2எக்ஸ் − 1)(எக்ஸ் − 2).