ஃப்ரண்ட்எண்ட் செய்முறைத் தேர்வு: ஸ்டாப்வாட்ச் கேள்வியில் விட்டதும் பிடித்ததும்

நேற்று மாலை ரிசல்ட் வந்தது. இரண்டாவது முயற்சியில் பாஸ். படபடப்பு அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். ஃப்ரண்ட்எண்ட் என்றால் இணையப் பக்கத்தில் பயனர் பார்க்கும், தொடும் பகுதி; அதை ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிக் காட்டும் தேர்வு இது. நேராக, ஸ்டார்ட், ஸ்டாப் உள்ள ஒரு ஸ்டாப்வாட்சை எழுதும் கேள்விக்கு வருகிறேன். முதல் தடவை என்னைக் கவிழ்த்தது அதுதான்.

அன்று நான் எழுதியது இது: 100 மில்லிசெகண்டுக்கு ஒரு செட்இன்டர்வெல் (setInterval, கொடுத்த இடைவெளியில் ஒரு வேலையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் டைமர்), ஓடும்போதெல்லாம் எண்ணிக்கையில் ஒன்று கூட்டு, பத்தால் வகுத்துத் திரையில் காட்டு. கண்முன்னே அழகாக ஓடியது. திருத்தியவர் வேறு டேபுக்குப் போய் ஒரு நிமிடம் கழித்துத் திரும்பினார். திரையில் 6 விநாடிதான் கூடியிருந்தது. மறைந்திருக்கும் டேபில் பிரவுசர் டைமரை விநாடிக்கு ஒரு முறைக்கு மேல் ஓட விடுவதில்லை. 600 தடவை கூட்டியிருக்க வேண்டியது, 60 தடவைதான் கூட்டியது. குரோம் 88 வந்த 2021 முதல் இன்னும் கடுமை: சத்தம் ஏதும் இல்லாத டேப் ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருந்தால், நிமிடத்துக்கு ஒரு தடவைதான்.

செட்இன்டர்வெல் மணி அடிக்கிற ஆள். மணி என்ன என்று அவனிடம் கேட்கக் கூடாது. ஸ்டார்ட் அழுத்தியதும் பெர்ஃபார்மன்ஸ்.நவ் (performance.now, பக்கம் திறந்ததிலிருந்து ஓடிய மில்லிசெகண்டுகள்) மதிப்பை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் இப்போதைய மதிப்பிலிருந்து அதைக் கழித்துக் காட்டுங்கள். இடையில் நிறுத்தினால் அதுவரை ஓடிய நேரத்தைத் தனியே சேர்த்து வையுங்கள். கணினிக் கடிகாரத்தின் நேரத்தைத் தரும் டேட்.நவ் (Date.now) போட்டாலும் ஓடும், ஆனால் அந்தக் கடிகாரத்தை யாராவது மாற்றினால் கணக்கு குதித்துவிடும்.

மனப்பாடம் எனக்கு ஒத்துவராது. உடைத்துப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். தினமும் வெறும் ஃபைலில் தொடங்கி இதை மட்டும் எழுதினேன், டேபை மறைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். வேறு தலைப்புகளுக்கு இவ்வளவு நேரம் கொடுக்கவில்லை, வருத்தமும் இல்லை.

மற்றவை, அவசரமாக:

- ஸ்டார்ட்டை இரண்டு தடவை அழுத்திப் பாருங்கள். இரண்டு டைமர் ஓடும், முதல் டைமரை அடையாளம் காட்டும் எண் (ஐடி) அழிந்திருக்கும், ஸ்டாப் அழுத்தினாலும் ஒன்று நிற்காது. புதிதாகத் தொடங்கும் முன் கிளியர்இன்டர்வெல் (clearInterval) போட்டுப் பழைய டைமரை நிறுத்திவிடுங்கள்.
- செட்இன்டர்வெல்லுக்கு, ஓட வேண்டிய ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுங்கள். பக்கத்தில் அடைப்புக்குறி போட்டால் அங்கேயே ஒரு தடவை ஓடி முடிந்துவிடும்.
- முதல் ஓட்டம் உடனே வராது, இடைவெளி கழிந்துதான் வரும்.
- இடைவெளியாக 0 கொடுத்தாலும் சில சுற்றுகளுக்குப் பிறகு 4 மில்லிசெகண்டுக்குக் கீழே போகாது.
- 2147483647 மில்லிசெகண்டைத் தாண்டிய இடைவெளி, அதாவது சுமார் 24.8 நாளுக்கு மேல், செல்லாது. காத்திருக்காமல் உடனே ஓட ஆரம்பித்துவிடும்.

சர்வரிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி வந்தால் செட்இன்டர்வெல்லைத் தொடாதீர்கள். முந்தைய பதில் வந்ததா என்று அது பார்க்காது, அடுத்த கோரிக்கையை அனுப்பிவிடும். பதில் வந்த பிறகு செட்டைம்அவுட் (setTimeout, ஒரே ஒரு தடவை ஓடும் டைமர்) போட்டு அடுத்த சுற்றைத் தொடங்குங்கள். பிழை வந்தாலும் அந்த வரிக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். எனக்கு இந்த முறை அரை மதிப்பெண் போனது அங்கேதான்.