மிதி பிறேக்கைக் கைக்கு மாற்றினோம்

ஓட்டோ கியர் கார் என்றால் ஒரு கால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். கிளட்ச் இல்லை, பிறேக்கையும் அக்ஸிலேற்றரையும் வலது கால் பார்த்துக்கொள்ளும். என் இடது கால் மிதிவெடியில் போனது, முழங்காலுக்குக் கீழே ஜெய்ப்பூர் கால். அதனால்தான் தேடி ஓட்டோ கியர் கார் வாங்கினேன். ஆனால் ஜப்பானில் இருந்து வரும் ஓட்டோ கார்கள் பலவற்றில் பார்க்கிங் பிறேக் இருப்பது இடது காலுக்கு. டாஷ்போர்டுக்குக் கீழே மூலையில் ஒரு சின்ன மிதி. ஒருமுறை அழுத்தினால் பிடிக்கும், இன்னொருமுறை அழுத்தினால் விடும்.

பொய்க்காலால் அதை மிதிக்கலாம்தான். எவ்வளவு தூரம் இறங்கியது, பல்லில் மாட்டியதா, பாதியில் நிற்கிறதா என்பதெல்லாம் அந்தக் காலுக்குத் தெரியாது. கியரை 'பி'யில், அதாவது 'பார்க்'கில், போட்டால் நிற்கும்தானே என்பார்கள். 'பி' என்பது கியர்பெட்டிக்குள் ஒரு பல்லில் மாட்டிக்கொள்ளும் கொக்கி. சரிவில் காரின் பாரம் முழுவதையும் அதில் தொங்கவிட எனக்குச் சம்மதமில்லை. எண்ணெய்க் குழாய் வெடித்துக் கால் பிறேக் போய்விட்டால், மிஞ்சுவது கேபிளில் இழுபடும் இந்தப் பிறேக் ஒன்றுதான். அது என் கைக்கு எட்டவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

கிளிநொச்சியில் கேட்ட கராஜ்களில் யாரும் பிடி கொடுக்கவில்லை. பரந்தன் பக்கம் ரக்ரர் பெட்டி அடிக்கும் பட்டறை அண்ணைதான் "கொண்டு வாரும், பாப்பம்" என்றார். போர்க்காலப் பெற்றோல் தடையில் காரை மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தில் வேலை பழகியவர். உதிரிப்பாகம் இல்லை என்பது அவருக்கு ஒரு காரணமே அல்ல.

காரைத் தூக்கிப் பார்த்தபோது பாதிப் பயம் போய்விட்டது. மிதியில் இருந்து வரும் ஒற்றைக் கேபிள் தளத்துக்குக் கீழே ஒரு சிறு இரும்புத் துண்டில் முடிகிறது. ஈக்குவலைசர் என்பார்கள். அதில் இருந்துதான் இரண்டு பின்சில்லுகளுக்கும் தனித்தனிக் கேபிள் போகிறது. ஆகவே பின்பக்கத்தைத் தொடத் தேவையில்லை. முன்கேபிளைக் கழற்றிவிட்டு ஈக்குவலைசரை ஒரு லீவரால் இழுத்தால் போதும். என் காரில் கியர்த்தடி ஸ்ரியறிங்கோடு இருப்பதால், இரண்டு ஆசனங்களுக்கும் நடுவே வெறும் தளம். லீவரை அங்கே வைத்தால் இடது கைக்கு நேரே வரும்.

பழைய இரும்புக்கடையில் இரண்டு லீவர் கிடைத்தன. அண்ணை எதையும் உடனே எடுக்கவில்லை. மிதியை முழுவதும் அழுத்தச் சொல்லி, ஈக்குவலைசர் நகரும் தூரத்தைச் சோக்கால் கோடு போட்டு அளந்தார். மூன்று சென்ரிமீற்றருக்குக் கிட்ட. பிறகு லீவர்களை அளந்தார். ஒன்றில் அச்சில் இருந்து கைப்பிடி 28 சென்ரிமீற்றர், கேபிள் மாட்டும் துளை 4 சென்ரிமீற்றர். கையால் இழுப்பதைப்போல் ஏழு மடங்கு விசை கேபிளுக்குப் போகும், தேவையான தூரமும் வரும். மற்றதில் துளை அச்சில் இருந்து இன்னும் தள்ளி இருந்தது. கேபிள் கூடுதல் தூரம் வரும், விசை குறையும். முதலாவதை எடுத்தோம்.

பூட்டும் இடத்தில்தான் அதிக நேரம் போனது. "தம்பி, நீர் இழுக்கிற இழுவை முழுக்க இந்தத் தகரத்திலதான் வந்து நிக்கும்" என்று தளத்தை விரலால் தட்டிக் காட்டினார். மெல்லிய தகரத்தில் துளை போட்டு நட் இறுக்கினால் நாளடைவில் கிழிந்துவிடும். கீழே 3 மில்லிமீற்றர் தகடு ஒன்றை அகலமாக வெட்டி வைத்து, நான்கு 8 மில்லிமீற்றர் போல்ட்டுகளால் பிடித்தோம். துளை போடுமுன் பெற்றோல் குழாயும் வயரும் எங்கே ஓடுகின்றன என்று கீழே படுத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். இப்படி வேலை செய்பவரிடம் காரைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

புதுக் கேபிள் சைலன்சர் குழாயைத் தொடக்கூடாது, கூர்மையாக வளையவும் கூடாது. வளைவில் உள்கம்பி உரசினால் கையின் பலம் அங்கேயே கரைந்துபோகும். அதன் வெளியுறையை இரண்டு முனையிலும் அசையாமல் பிடிக்கவேண்டும். இல்லாவிட்டால் கம்பிக்குப் பதில் உறைதான் நகரும்.

அப்புறம் பின்சில்லு இரண்டையும் தூக்கிவிட்டு, முதலில் ட்றம்முக்குள் இருக்கும் பல்லுச் சக்கரத்தைத் திருப்பி, ட்றம்மை உரசிப் பிடிக்கும் லைனரை நெருக்கமாக வைத்தோம். கேபிளை அதற்குப் பிறகுதான் இறுக்கவேண்டும். இந்த வரிசை மாறினால் லீவர் இறுக்கமாகத் தெரியும், சில்லு பிடிக்காது. லீவரை இழுக்கும்போது பல்லுக்குப் பல் 'டக்' என்று கேட்கும். வலது சில்லு மூன்றாவது 'டக்'கில் கையால் அசையவில்லை. இடது சில்லு ஐந்திலும் சுற்றியது. கழற்றிப் பார்த்தால், லைனரைத் தள்ளும் நெம்பின் அச்சு துரு ஏறிப் பாதியில் இறுகிக் கிடந்தது. உரசித் துடைத்து, லைனரில் படாமல் அச்சுக்கு மட்டும் ஒரு துளி கிறீஸ் வைத்ததும் சரியாகிவிட்டது.

மிதியோடு இருந்த சுவிச்சையும் லீவருக்கு மாற்றினோம். ஒற்றை வயர்தான், பிறேக் இழுத்திருந்தால் காரின் உடலோடு தொட்டு டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். இதை விட்டுவிடவே கூடாது. பிறேக்கோடு ஓடினால் லைனர் கருகும்.

வன்னியில் சரிவு தேடுவது லேசில்லை. இரணைமடுக் குளக்கட்டுக்கு ஏறும் பாதைக்குக் கொண்டுபோனோம். நியூற்றலில் போட்டு, ஹான்ட்பிறேக்கை இழுத்து, கால் பிறேக்கை மெல்ல விட்டேன். முன்பக்கம் மேலே பார்த்தும், திருப்பி நிறுத்திக் கீழே பார்த்தும். இரண்டிலும் அசையவில்லை. திரும்பி வந்து மாங்குளம் வரை ஓடிவிட்டுப் பின்சில்லுகளைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே சூடு, கையை வைத்திருக்கலாம். விடும்போது முழுமையாக விடுகிறது என்று அர்த்தம்.

புதுக் கேபிள் கொஞ்சம் நீளும். ஐந்தாவது 'டக்'கில் பிடித்தது சில கிழமைகளில் எட்டுக்குப் போனது, நட்டைத் திருகி ஐந்துக்குக் கொண்டுவந்தேன். மாரியில் சேறு உறைக்குள் போனால் கம்பி துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். லீவர் துளையை ரயர் ரியூப் வெட்டி மூடியிருக்கிறேன், மழைக்கு முன் கேபிள் முனைகளுக்குக் கிறீஸ். இப்போது விசுவமடுவில் இருந்து ஒருவர் வந்து காரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு இல்லாதது வலது கால். அவருக்கு மிதி பிறேக் அப்படியே இருக்கலாம், மாற்றவேண்டியது அக்ஸிலேற்றர். அதற்கும் பரந்தன் அண்ணையிடம்தான் கதைத்திருக்கிறோம்.