படம் வரையத் தெரியும், பட்டியல் போடத்தான் தெரியல

எங்க காரைக்குடிப் பக்கம் படம் வரையிற பசங்க யாரப் பாத்தாலும் கேக்குறது ஒரே கேள்விதான். "அண்ணே, ஆர்ட்டிஸ்ட்டுக்குன்னு கவர்மெண்ட்ல ஏதாச்சும் இருக்கா?" இருக்குப்பா. கவர்மெண்ட்லயும் இருக்கு, தனியார் டிரஸ்ட்லயும் இருக்கு, வெளிநாட்டுல கூட இருக்கு. ஆனா அங்கெல்லாம் படத்த மட்டும் பாக்க மாட்டாங்க, பேப்பரையும் கேப்பாங்க, நம்மாளுக வழுக்கி விழுறதே அந்தப் பேப்பர்லதான்.

சென்னை ரொம்ப தூரம்னு நெனைக்காம மொதல்ல லலித் கலா அகாடமியப் பத்தித் தெரிஞ்சுக்கங்க. 1954ல ஆரம்பிச்ச மத்திய அரசு அமைப்பு, கிரீம்ஸ் ரோட்டுல அவங்க வட்டார மையம் இருக்கு. நேஷனல் எக்ஸிபிஷன் நடத்துறவங்க இவங்கதான். என்னக் கேட்டா அந்த அவார்ட விட அங்க இருக்குற ஸ்டூடியோதான் பெரிய விஷயம். எட்சிங், அதான் உலோகத் தகட்டுல கோடு அரிச்சு அச்செடுக்குற படம், அதப் போட பிரஸ் வேணும், செராமிக்குக்கு சூளை வேணும், காரைக்குடில அதெல்லாம் யாரு வீட்டுக் கொல்லைல வச்சிருக்கா சொல்லுங்க.

மாநில அரசுல கலை பண்பாட்டுத் துறைக்குக் கீழ ஓவிய நுண்கலைக் குழு இருக்கு. கலைச்செம்மல் விருது, கண்காட்சி வைக்க நிதியுதவி, இதெல்லாம் அவங்க மூலமா வரும். அறிவிப்பு தமிழ்ப் பேப்பர்லயே வரும், நாமதான் ராசிபலனப் படிச்சுட்டு மடிச்சு வச்சிர்றோம்.

டெல்லில கலாச்சார அமைச்சகத்தோட ஸ்காலர்ஷிப்புக்கு 18ல இருந்து 25 வயசு, மாசம் 5,000 ரூபா, 2 வருஷம். 25 தாண்டிட்டா 40 வரைக்கும் ஜூனியர் ஃபெல்லோஷிப், மாசம் 10,000. அதுக்கு மேல சீனியர், மாசம் 20,000. இதுவும் 2 வருஷந்தான். ஆனா ஃபெல்லோஷிப்புக்கு "நான் படம் வரையிறேன், காசு குடுங்க"ன்னு போனா ஆகாது, என்ன வேலைய எடுத்து ஆராய்ச்சி மாதிரி செய்யப் போறேன்னு ஒரு தலைப்பு சொல்லணும்.

இங்கதான் நம்ம பசங்க முழிக்கிறாங்க. இதுவரைக்கும் என்கிட்ட வந்த அப்ளிகேஷன்ல முக்காவாசி "சிறு வயது முதலே ஓவியத்தில் ஆர்வம் கொண்ட நான்"னுதான் ஆரம்பிக்குது. ஏம்ப்பா, ஆர்வம் இல்லாதவனா அப்ளிகேஷன் போடப் போறான்? பக்கத்துல ஆத்தங்குடில கையால தரை டைல்ஸ் செய்யிற ஒரு கல்லுப் பட்டறைக்குப் போய் அரை நாள் உக்காந்து பாருங்க. கண்ணாடித் தகட்டு மேல பித்தளை அச்ச வச்சு, கட்டம் கட்டமா கலர் கலவைய சின்னக் கரண்டில ஊத்துவாரு பட்டறைக்காரரு, ஊத்தி முடிச்சு அச்சத் தூக்குனா கோடு கொஞ்சம் கலங்கி நிக்கும், அதுக்கு மேல சிமெண்ட்டும் மணலும் போட்டு அழுத்தி, காஞ்சப்பறம் தண்ணித் தொட்டில ஊறப் போட்டு எடுத்தா கண்ணாடில இருந்த பக்கம் பாலிஷே இல்லாம மினுங்கும். அந்தக் கலங்குன கோடு இருக்கே, மெஷின் டைல்ஸ்ல அது வராது. அது ஏன் அப்படி வருது, கைக்கு கை எப்படி மாறுது, அத என் படத்துல எப்படிக் கொண்டு வரப் போறேன்னு ரெண்டு பக்கம் எழுதுங்க, அது தலைப்பு.

இப்படிப்பட்ட யோசனைக்குன்னே பெங்களூர்ல இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, 1993ல ஆரம்பிச்சது. அவங்களுக்கு எந்த இந்திய மொழிலயும் அனுப்பலாம், தமிழ்லயே எழுதலாம். இது தெரியாம எத்தன பேரு இங்கிலீஷுக்குப் பயந்து கைய மடக்கி உக்காந்திருக்காங்கன்னு நெனச்சா வயிறு எரியுது.

வெளிநாட்டுல பொல்லாக்-கிராஸ்னர் ஃபவுண்டேஷன், நியூயார்க், 1985ல இருந்து இருக்கு. லீ கிராஸ்னர்னு ஒரு பெண் ஓவியர் விட்டுட்டுப் போன சொத்துல நடக்குது, எந்த நாட்டுக்காரரும் போடலாம். படத்தோட தரத்தையும் பாப்பாங்க, பணக்கஷ்டத்தையும் பாப்பாங்க. ஆனா இது புதுசா வரையத் தொடங்குனவங்களுக்கு இல்ல, கொஞ்ச வருஷம் கண்காட்சி வச்சுப் பழகுனவங்களுக்கு.

காசு குடுக்குறவங்கள விட்டுட்டு இப்ப காசு புடுங்குறவங்களப் பாப்போம். எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பிகிட்ட, பழைய வீட்ட ஹோட்டலாக்குன ஒருத்தங்க அந்த வீட்டோட முகப்பும் வளவுமா (உள் முற்றம்) ஒரு படம் வரையச் சொல்லி வாங்குனாங்க. பேசுன காச குடுத்துட்டாங்க, அதுல கொறை இல்ல. ஆறேழு மாசம் கழிச்சுப் பாத்தா அந்தப் படம் மெனு கார்டுல இருக்கு, துணிப்பைல இருக்கு, காபிக் கப்புல இருக்கு. கேட்டா, "அதான் காசு குடுத்துட்டோமே தம்பி"ங்கிறாங்க. கொடுமை என்னன்னா சட்டமும் கிட்டத்தட்ட அவங்க பக்கந்தான். காப்பிரைட்னா படத்த நகலெடுத்து அச்சடிக்கிற உரிமை. 1957 காப்பிரைட் சட்டத்துல 17ஆம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, காசு குடுத்து ஒருத்தர் ஆர்டர் பண்ணி வரையச் சொன்ன படம்னா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல காப்பிரைட் ஆர்டர் குடுத்தவருக்குத்தான். நாமளா வரைஞ்சு வச்சிருந்தத ஒருத்தர் வாங்கிட்டுப் போனா கதை வேற, படம் அவருக்கு, காப்பிரைட் நமக்கு. அதுனால ஆர்டர் எடுக்கும்போதே "காப்பிரைட் வரைஞ்சவருக்கே, அச்சடிக்கிறதா இருந்தா தனியா பேசணும்"னு ஒரு வரி எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுருங்க. ஆர்டர் குடுக்குற செட்டியார் தப்பா நெனைப்பாரோன்னு கூச்சமே வேணாம், எழுதி வாங்காம எதுவும் செய்யாத ஊரு இது.

காப்பிரைட் கையவிட்டுப் போனாலும் 57ஆம் பிரிவு நம்மகிட்டதான் இருக்கும், பேரப் போடச் சொல்ற உரிமை, படத்தச் சிதைச்சுப் பேரக் கெடுத்தா கேக்குற உரிமை. டெல்லி விஞ்ஞான் பவன் சுவர்ல அமர்நாத் சேகல் செஞ்சிருந்த பெரிய வெண்கலச் சிற்பத்த 1979ல கழட்டி ஸ்டோர்ல போட்டுட்டாங்க, அவரு கேஸ் போட்டு விடாம நின்னு 2005ல டெல்லி ஹைகோர்ட் சிற்பத்தத் திருப்பிக் குடு, 5 லட்சம் நஷ்டஈடும் குடுன்னு சொல்லிச்சு. எவ்வளவு வருஷம் ஆச்சுன்னு மட்டும் கணக்குப் போடாதீங்க, மனசு விட்டுப் போகும்.

சரி, அந்தப் பேப்பர் விஷயம். எங்க ஊர் ஆச்சிமாரு வீட்டுல பாருங்க, சீர் சாமான்ல ஒரு கரண்டி விடாம விலாசம், அதான் வீட்டுக்காரங்க பேரோட எழுத்து, வெட்டியிருக்கும், எது எத்தன உருப்படின்னு நோட்டுல இருக்கும், இரவல் போனா எந்த வீட்டுக்குப் போச்சுன்னு தெரியும். நம்ம படத்துக்கு அந்த நோட்டு இருக்கா? பேரு, வருஷம், அளவு, எதுல வரைஞ்சது, இப்ப யாருகிட்ட இருக்கு, என்ன விலைக்குப் போச்சு. இது இருந்தா எந்த அப்ளிகேஷனும் ஒரு ராத்திரி வேலை. போட்டோவும் அப்படித்தான். ஃபிரேம் கண்ணாடில டியூப்லைட் மின்ன, ஓரத்துல எடுத்தவன் பெருவிரல் தெரிய இருக்குற போட்டோவ அனுப்பிட்டு "செலக்ட் ஆகலண்ணே"ன்னா நான் என்ன பண்றது. கண்ணாடி போடுறதுக்கு முன்னாடி, காலைல வளவுல வெயில் நேரா விழாத நெழல்ல படத்த நிமித்தி வச்சு, கேமராவ படத்தோட நடுவுக்கு நேரா புடிச்சு எடுங்க, செல்போனே போதும்.

இந்தத் தடவ யாராச்சும் அப்ளிகேஷன் போடுறதா இருந்தா, பத்துப் படத்தோட போட்டோவும் அந்தப் பட்டியலும், என்ன செய்யப் போறீங்கன்னு தமிழ்ல ஒரு பக்கமும் எழுதி எடுத்துக்கிட்டு கோட்டையூருக்கு வாங்க, இங்கிலீஷ்ல மாத்தணும்னா உக்காந்து மாத்திக்கலாம். ஞாயித்துக்கெழம மட்டும் வேணாம், அன்னிக்கு பசங்களுக்கு டிராயிங் கிளாஸ் இருக்கு.