முப்பத்திரண்டு அடி கேட்க ஒரு மலைப் பயணம்

சேலத்தில் பகல் 12:59 மணியை முகூர்த்த நேரம்போல எதிர்பார்த்துக் காத்திருக்கும் மனிதர் என் தாய்மாமா ஒருவராகத்தான் இருப்பார். செவ்வாய்ப்பேட்டையில் மொத்தக் கொலுசு வியாபாரம் செய்யும் அவர், ஓமலூர் சாலைப் பக்கம் இருந்த மனை ஒன்றை விற்று, ஸ்விட்சர்லாந்தில் செய்த மினிட் ரிப்பீட்டர் வகைக் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கினார். பார்க்க மிகச் சாதாரணமாகத்தான் இருக்கும். இடது விளிம்பிலுள்ள சிறிய விசையை மேலே தள்ளிவிட்டால், அந்த நொடியின் நேரத்தை ஒலியாலேயே சொல்லும்: மணிக்கு ஒன்றாகக் கனத்த ‘டங்’, கால் மணிக்கு ஒன்றாக ‘டிங்-டங்’ என்ற இரட்டை ஒலி, மீதமுள்ள நிமிடங்களுக்கு மெல்லிய ‘டிங்’. 12:59 ஆனால் பன்னிரண்டு டங், மூன்று டிங்-டங் (இரண்டிரண்டாக ஆறு), பதினான்கு டிங், ஆக மொத்தம் 32 அடி. அதற்கு மேல் அது பேசாது. கொடுத்த காசுக்கு முழுக் கச்சேரியும் கேட்க வேண்டுமென்றால் அந்த ஒரு நிமிடத்துக்குள் விசையைத் தள்ளியாக வேண்டும். தவறினால் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

இதற்கு என்ன தேவை என்று கேட்பவர்களுக்கு மாமா இங்கிலாந்திலிருந்து தொடங்குவார். இரவில் விளக்கேற்றாமல் மணி தெரிந்துகொள்ள, பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே இவ்வகைக் கடிகாரங்கள் பிறந்தன. எட்வர்ட் பார்லோ என்ற பாதிரியாரும் டேனியல் குவேர் என்ற கடிகாரக்காரரும் உரிமைக்குப் போட்டியிட்டபோது, 1687ஆம் ஆண்டு மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் குவேர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பார்லோவின் கடிகாரத்தில் மணியைக் கேட்க ஒரு முறையும் கால் மணியைக் கேட்க ஒரு முறையுமாக இரண்டு முறை அழுத்த வேண்டும், குவேருடையதில் ஒரே அழுத்தம் போதும். அந்நாளில் உள்ளே உண்மையான குட்டி மணி இருந்தது. பாரிஸில் பிரெகே என்ற மேதை 1783ஆம் ஆண்டு மணியை எடுத்துவிட்டு வளைத்த எஃகுக் கம்பியை வைத்த பிறகுதான் கடிகாரம் மெலிந்தது. 1892ஆம் ஆண்டு அது மணிக்கட்டுக்கே ஏறியது. இந்தக் கதை முடிவதற்குள் பெரும்பாலும் 1:10 ஆகிவிடும் என்பது வேறு விஷயம்.

எனக்கு வியப்பாக இருப்பது அதன் உள்வேலைதான். அந்தக் கடிகாரம் நேரத்தை முள்ளைப் பார்த்துச் சொல்வதில்லை, தடவிப் பார்த்துச் சொல்கிறது. முட்களோடு இசைந்து சுழலும் தகடுகள் சில உள்ளே இருக்கின்றன. அவற்றின் விளிம்பு படிப்படியாக வெட்டப்பட்டிருப்பதால் கடிகாரக்காரர்கள் அவற்றை நத்தை என்கிறார்கள். மணி நத்தைக்கு 12 படி, கால் மணி நத்தைக்கு 4 படி, நிமிட நத்தைக்கோ நான்கு கைகளும் ஒவ்வொரு கையிலும் 14 படிகளும். விசையைத் தள்ளியவுடன் நெம்புகோல்கள் இந்தப் படிகளின் மேல் விழுகின்றன. எந்த ஆழத்தில் விழுந்ததோ அதற்கேற்ற எண்ணிக்கையில் பற்கள் நகர்ந்து, கடுகளவு சுத்தியல்களைத் தூக்கிக் கம்பிகளின் மேல் போடுகின்றன. அடிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடாமல் இருக்க வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுழலி ஒன்றும் உண்டு. இத்தனைக்கும் வேண்டிய சக்தி, அந்த விசையை நாம் தள்ளும்போது முறுக்கேறும் தனிச்சுருள் ஒன்றிலிருந்து வருகிறது. விசையைப் பாதி தள்ளிவிட்டால், தவறான மணியைச் சொல்வதைவிட வாயைத் திறக்காமல் இருப்பதே மேல் என்று பேசாமல் இருந்துவிடும்படியும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மாமாவின் பேரன் ஒருநாள் அப்படிப் பாதி தள்ளி, ஒலி வராமல் போய், வீடே கதிகலங்கியது அதனால்தான்.

பட்டறை மேஸ்திரியின் கருத்தைக் கேட்பதற்காக மாமா அதை ஒருநாள் கடைக்கு எடுத்து வந்தார். வாழ்நாள் முழுவதும் கொலுசுச் சலங்கையின் ஒலியைக் காதால் சோதித்துத் தேறாததைக் கழித்துக்கட்டியவர் மேஸ்திரி. சுற்றிலும் வெள்ளி தட்டும் சத்தமும் பாரம் ஏற்றும் ஆட்களின் கூச்சலும் இருந்ததால் கடிகாரத்தைக் காதோடு ஒட்டிக் கேட்டார். பிறகு ஒன்றும் பேசாமல், காலி மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் கடிகாரத்தை வைத்து மறுபடி தள்ளச் சொன்னார். ஒலி சட்டென்று பெரிதாகிவிட்டது! கையில் கட்டினால் சதை ஒலியைக் குடித்துவிடும், மரம் அதை வாங்கி வெளியே விடும் என்றார். ஓடமார் பிகே என்ற கடிகார நிறுவனம் பொறியியல் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து பல ஆண்டுகள் ஆராய்ந்து, வீணைக்குக் குடம்போலக் கடிகாரத்துக்குள்ளேயே ஓர் ஒலிப்பலகையை வைத்து 2015ஆம் ஆண்டு காட்டியதும் ஏறக்குறைய இந்தத் தத்துவத்தைத்தான். அவர்கள் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்திருந்தால் நாட்கள் மிச்சமாகியிருக்குமோ என்னவோ.

மேஸ்திரியின் அடுத்த கேள்வி உலோகத்தைப் பற்றியது. கனமான பிளாட்டினத்தில் ஒலி அமுங்கும் என்பதும், செம்பொன்னிலும் எஃகிலும் நன்றாக ஒலிக்கும் என்பதும் பொதுவான கணிப்பு என்று மாமா சொன்னார். பேச்சோடு பேச்சாக, 2019ஆம் ஆண்டு ஜெனீவாவில் அறப்பணிக்காக நடந்த ஏலத்தில் பாடெக் பிலிப் நிறுவனத்தின் ஒலிக்கும் கைக்கடிகாரம் ஒன்று 3 கோடியே 10 லட்சம் ஸ்விஸ் பிராங்குக்குப் போனதையும், அதன் உறை எவர்சில்வர் என்பதையும் சொல்லிவிட்டார். வெள்ளிப் பட்டறையில் சொல்லக்கூடிய செய்தியா அது? மேஸ்திரி “எவர்சில்வருக்கா?” என்று கேட்டுவிட்டு அன்று முழுவதும் தமக்குத் தாமே சிரித்துக்கொண்டிருந்தார். மாமாவின் கடிகாரத்தின் விலையை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உண்மை வந்திருக்காது. மனை விற்ற பணத்தில் மீதி வங்கியில் இருப்பதாக அத்தை உறுதியாக நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

வீட்டில் 12:59 கேட்பதற்கு எடுத்த முயற்சிகளை விரிக்க வேண்டியதில்லை. குக்கர், மிக்சி, பக்கத்துக் கோயிலின் ஒலிபெருக்கி, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் என்று ஒவ்வொரு நாளும் ஒன்று முந்திக்கொண்டது. கடைசியில் ஏற்காட்டில் உறவினர் ஒருவரின் காப்பித் தோட்ட வீட்டுக்குப் போய், நள்ளிரவு 12:59 கேட்பதென்று முடிவாயிற்று. இருபது கொண்டையூசி வளைவுகளையும் மாமா கடிகாரத்தை மார்போடு அணைத்தபடியே கடந்தார். இவ்வகைக் கடிகாரங்கள் பெரும்பாலும் தண்ணீரைத் தாங்காதவை என்பதால், மலையில் பனிமூட்டத்தைக் கண்டதும் அதைத் துண்டில் சுற்றிக் காருக்குள்ளேயே மறைத்துக்கொண்டார்.

நள்ளிரவில் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். மேஸ்திரி கொடுத்தனுப்பிய மரப்பெட்டி நடுவில் இருந்தது. சில்வண்டுகள் மட்டும் விடாமல் கத்தின. சன்னல்களைச் சாத்தியதும் அவையும் அடங்கின. 12:59 ஆனதும் மாமா விசையைத் தள்ளப் போனார், தும்மல் வந்தது, நின்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டு தள்ளினார். பன்னிரண்டு டங்கும் ஒன்றுகூடக் குறையாமல் வந்தன. உண்மையாகவே அழகாக இருந்தது. அடிக்கும் அடிக்கும் இடையில் கம்பியின் ரீங்காரம் தொடர்ந்தது. இரண்டாவது டிங்-டங் முடியும் நேரத்தில், அதுவரை அரைத்தூக்கத்தில் இருந்த அத்தை கண்விழித்து, “ஏனுங்க, மணி என்னாச்சுங்க?” என்று கேட்டார்.

மாமாவால் பொறுக்க முடியவில்லை. “அதத்தான அது சொல்லீட்டிருக்குது!” என்று அவர் போட்ட சத்தத்தில் எட்டுப் பத்து டிங்குகள் காணாமல் போயின. கடைசி டிங் ஓய்ந்ததும் கோபத்தை அடக்கிக்கொண்டு, “பன்னண்டு அம்பத்தொம்பது” என்றார். அத்தை கைப்பேசியைப் பார்த்தார். “இல்லீங்களே, ஒண்ணு ஆயிப்போச்சு. இத்தன காசு குடுத்து வாங்கினது தப்பாவா சொல்லும்?” தள்ளிய நொடியின் நேரத்தைத்தான் அது சொல்லும், சொல்லி முடிப்பதற்குள் நிமிடம் கடந்துவிட்டது என்று மாமா விளக்கிக்கொண்டிருக்கும்போதே, அத்தை எட்டிப் பெட்டிமேலிருந்த கடிகாரத்தை எடுத்து விசையை முழுதாகத் தள்ளிவிட்டார்.

டங்.

எல்லோரும் காத்திருந்தோம். மணி 1:00 என்பதால் அதற்கு மேல் சொல்ல அதனிடம் ஒன்றும் இல்லை. அத்தை கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “மீதி எங்கீங்க?” என்று கேட்டார். மாமா உடனே வாய் திறக்கவில்லை. எந்த மீதியைக் கேட்கிறார் என்பது அவருக்குப் பிடிபடவில்லை.