"விளங்கினதா?" என்று கேட்டு ஏமாந்த கதை

மருத்துவமாது பயிற்சி ஒன்றரை வருடம். ஒரு வருடம் வகுப்பும் வைத்தியசாலையும், மிச்சம் ஆறு மாதம் களம். பிள்ளைப்பேறு பார்க்கப் பழகுவதுதான் கஷ்டம் என்று நினைத்துப் போனேன். கடைசியில் என்னை ஆட்டிவைத்தது அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை.

எனக்குக் களம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததால் போய்வருவது லேசு. அதற்கு முன் பயிற்சி எடுத்த அக்காமாரிடம், வாவியைக் கடக்கும் மிதவையான பாதைக்குக் காத்து நின்ற கதை நிறைய இருக்கிறது.

முதல் கிளினிக்கில் எனக்குத் தந்த தலைப்பு, பிள்ளைத் துடிப்பு, அதாவது வயிற்றில் பிள்ளை அசைவதை, எண்ணுவது. பிரிஸ்டல் போர்ட்டில் மூன்று நிறத்தில் எழுதிக்கொண்டு போனேன். 28 வாரத்துக்குப் பிறகு காலையில் எண்ணத் தொடங்க வேண்டும், 12 மணித்தியாலத்துக்குள் பத்துத் துடிப்பு வர வேண்டும், வராவிட்டால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இருபது நிமிடம் மூச்சுவிடாமல் பேசிவிட்டு, "விளங்கினதா?" என்றேன். தாய்மார் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். எனக்குப் பெரிய சந்தோஷம்.

பின்னால் நின்ற மேற்பார்வை மிஸ் முன்வரிசைத் தாய் ஒருவரிடம், "மகள், வீட்டுல மாமி கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

"கடைசி மாசம் துடிப்புக் குறையும் மிஸ். பிள்ளைக்கு இடம் காணாதுதானே."

அவருக்கு அப்போது 36 வாரம். நான் அப்படிச் சொல்லவே இல்லை. அது அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த நம்பிக்கை. என் மூன்று நிறமும் அதற்கு மேலால் வழுக்கிப் போயிருந்தன. மிஸ் அவரை ஏசவில்லை. துடிக்கும் விதம் மாறலாம், குறையக் கூடாது, குறைந்தால் விடியும்வரை பார்த்திருக்காமல் உடனே வர வேண்டும் என்று விளக்கி, அதை அந்தத் தாயின் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்தார். திரும்பி வரும்போது என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "இனி அந்தக் கேள்வி உங்கட வாயில வரக் கூடாது."

அப்புறம் பிரசவ விடுதியில் எங்களுக்கு அடுத்த பட்ச் மாணவிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. ஒரு தங்கச்சி பினார்ட் குழலைத் தாயின் வயிற்றில் வைத்துக் கேட்டு எழுதிய பிள்ளையின் இதயத்துடிப்பு: 136, 140, 144, 140, 148. எல்லாம் நிமிடத்துக்கு இருக்க வேண்டிய 110க்கும் 160க்கும் இடையில்தான், குறை சொல்ல இடமில்லை. ஆனால் எல்லாமே நான்கால் வகுபடும் எண்கள். பதினைந்து செக்கன் எண்ணி நான்கால் பெருக்கியிருக்கிறாள். எப்படித் தெரியும் என்றால், நானும் அதையே செய்தவள்தான். நோவு முடிந்த கையோடு முழுதாக ஒரு நிமிடம் கேட்டால்தான், துடிப்பு இறங்கி மெல்ல ஏறுவது காதில் படும். பதினைந்து செக்கனில் அது தப்பிப் போகலாம்.

தாய்க்கு முன்னால் கேட்கவில்லை, வெளியே கூப்பிட்டேன். "ஒரு நிமிஷம் எண்ணினீங்களா?" என்று கேட்டிருந்தால் "ஓம் அக்கா" என்றிருப்பாள், அதுவும் விளங்கினதாவுக்குச் சொந்தக்காரக் கேள்விதான். "எப்படி எண்ணினீங்க?" என்றேன். சொல்லிவிட்டாள். அடுத்த முறை மணிக்கூட்டை நான் பிடித்தேன். தாயின் நாடியை எண்ணிவிடாமலிருக்க ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள். 139 வந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

கிளினிக்குக்குத் தலைமை தாங்கியது பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒருநாள் மிஸ் கூட்டத்துக்குப் போனபோது, "இண்டைக்கு கிளினிக் உங்கட பொறுப்பு" என்றார். நிறை, பிரஷர், வயிறு பார்ப்பது, திரிபோஷ சத்துமா கொடுப்பது என்று எல்லாவற்றையும் நானே செய்தேன். பதினொரு மணிக்கு வரிசை விறாந்தையைத் தாண்டிவிட்டது. கூட வந்த மாணவிகள் இருவர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். "மிஸ், உங்களுக்கு நாலு கையா?" என்று அங்கே வேலைசெய்யும் அம்மா ஒருவர் கேட்ட பிறகுதான் வேலையைப் பிரித்துக் கொடுத்தேன்.

களப்பயிற்சி முடிவில் மிஸ் என் கொப்பியில் எழுதியது இவ்வளவுதான்: "வேலை திருப்தி. பேச்சு கொஞ்சம் கூட."